மாத்திரை குடையாகுமா?

வெயிலிலிருந்து தோலைக் காப்பதில் உணவுக்கும் சத்து மாத்திரைக்கும் உள்ள பங்கு

முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த ஒரு பெண், பேரங்காடியில் உள்ள மருந்தகத்துக்குள் நுழைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா இருபத்தைந்து ஆண்டுகளாக லாரி ஓட்டுபவர். அவருடைய வலது கன்னமும் வலது கையும் மட்டும் கறுத்து, சுருக்கம் விழுந்து, வேறு யாருடையவோ போல் ஆகிவிட்டன. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டும் உண்டு. அலமாரியில் ஆரஞ்சு நிறப் புட்டி ஒன்று இருக்கிறது. தோலை உள்ளிருந்தே வெயிலிலிருந்து காக்கும் என்று அட்டையில் எழுதி, காரட் படமும் போட்டிருக்கிறார்கள். காரட்டால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? அவள் பணத்தைக் கட்டிவிட்டு மகிழ்ச்சியோடு வெளியே வருகிறாள்.

அன்பால் செய்த செயல்தான். ஆனால் அந்தப் புட்டி அந்த அப்பாவின் தோலைக் காக்காது. அவர் புகைப்பவர் என்பதால் அவருக்குக் கெடுதலும் செய்யக்கூடும். காரட் நல்லது, அதிலிருந்து எடுத்த சத்து மாத்திரை கெடுதலா? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், வெயில் தோலை என்ன செய்கிறது, உணவு எவ்வளவு தூரம் உதவும், மாத்திரை எங்கே நின்றுவிடும் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெயில்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று அதிகமான தூரத்திலும், கோலாலம்பூர் மூன்று பாகை தூரத்திலும் உள்ளன. ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேராகவே வருகிறது. குளிர்நாடுகளில் உள்ளவர்களின் தோலுக்குச் சில மாதங்களாவது ஓய்வு கிடைக்கும். நம்மவர்களுக்கு அந்த ஓய்வு கிடையாது.

வெயிலின் புற ஊதாக் கதிர்களை அளக்க ஒரு குறியீட்டு எண் உண்டு. 3ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 8 முதல் 10 வரை மிக அதிகம். 11ம் அதற்கு மேலும் உச்சம். நம் வட்டாரத்தில் நடுப்பகலில் இந்த எண் 11ஐத் தாண்டும் நாள்கள் பல. சிங்கப்பூரில் இதை மணிக்கு ஒரு முறை வெளியிடுகிறார்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று, ஒரு மணியளவில்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்காக அலுவலகத்தை விட்டு வெளியே வரும் நேரமும், பள்ளி விடும் நேரமும் அதுவே.

இன்னொரு தவறான எண்ணமும் பலரிடம் இருக்கிறது. சூடு அதிகமாக இருந்தால்தான் தோல் கெடும் என்று நினைக்கிறார்கள். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. காற்று வீசும் கடற்கரையில் உடம்புக்குக் குளுமையாக இருக்கும், கதிர் குறைந்திருக்காது. மெல்லிய மேகத்தையும் அது ஊடுருவும். இதைக் கண்டுகொள்ள எளிய வழி, நம் நிழலைப் பார்ப்பதுதான். நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

தரைக்கு வரும் புற ஊதாக் கதிர்களில் இரண்டு வகை உண்டு. 'பி' வகை மேல்தோலைத் தாக்கி எரிச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும். உயிரணுவின் மரபுப் பொருளை நேரடியாகச் சேதப்படுத்தும். 'ஏ' வகை இன்னும் ஆழமாகப் போகும். தோலை இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்களை அது தளர்த்தும். சுருக்கம், கரும்புள்ளி, சொரசொரப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கார், லாரிகளின் பக்கவாட்டுக் கண்ணாடி 'பி' வகையை நிறுத்திவிடும். 'ஏ' வகையில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடும். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்டது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர் அவர். முகத்தின் இடப்பக்கம் மட்டும் வலப்பக்கத்தைவிடப் பல ஆண்டுகள் மூப்படைந்திருந்தது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். நாம் மேலே சொன்ன அப்பாவின் வலது கன்னத்துக்கு விளக்கம் இதுதான்.

கதிர் தோலில் படும்போது, வெறிபிடித்தாற்போல் அலையும் ஆக்சிஜன் துகள்கள் தோன்றுகின்றன. அவை அருகில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் தாக்குகின்றன. இந்தத் துகள்களை அடக்கும் பொருள்களைத்தான் 'ஆன்டி-ஆக்சிடன்ட்' என்கிறோம். சத்து மாத்திரை வியாபாரம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

செடியிடம் கற்ற பாடம்

இந்த எண்ணம் வெறும் விளம்பரத்தில் பிறந்ததன்று. ஒரு செடியால் நிழலுக்கு ஓட முடியாது. காலை முதல் மாலை வரை வெயிலில் நின்றாக வேண்டும். அதனால் தன்னைக் காத்துக்கொள்ள அது சில நிறமிகளைத் தயாரித்து வைத்திருக்கிறது. காரட்டின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின், தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் ஆகியவை அத்தகையவை. கீரையிலும் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு. பச்சை நிறம் அதை மறைத்துவிடுகிறது. நாம் இவற்றைச் சாப்பிட்டால் அந்த நிறமிகள் இரத்தம் வழியாகத் தோலுக்கும் வந்து சேர்கின்றன. அளவுக்கு மீறிக் காரட் சாப்பிடுபவர்களின் உள்ளங்கை மஞ்சளாவது இதனால்தான்.

வெளிச்சம் பட்டாலே தோலில் தாங்க முடியாத வலி எடுக்கும் அரிய பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்த நோயாளிகளுக்கு 1970களில் அமெரிக்காவில் பீட்டா கரோட்டினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரால் முன்பைவிடக் கூடுதல் நேரம் வெளியில் இருக்க முடிந்தது. நோயாளிக்கு உதவுவது எல்லாருக்கும் உதவாதா என்ற கேள்வி அங்கிருந்து எழுந்தது.

உணவைக் கொண்டும் ஆய்வுகள் நடந்தன. 2001இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலருக்கு நாள்தோறும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பத்தாவது வாரத்தில் செயற்கைக் கதிரைத் தோலில் காட்டியபோது, எண்ணெய் மட்டும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குச் சிவப்பு 40 விழுக்காடு குறைவாக இருந்தது.

இதில் நமக்கு மூன்று செய்திகள் இருக்கின்றன. முதலாவது, உணவுக்குப் பலன் உண்டு. இரண்டாவது, அது மெதுவாகத்தான் வரும். நாளைக்குக் கடற்கரைக்குப் போகிறோம் என்று இன்று இரவு தக்காளி சாப்பிட்டுப் பயனில்லை. இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்றாவது, அது சிறிய பலன். எஸ்.பி.எஃப். 30 என்று குறித்த சன்ஸ்கிரீன் களிம்பைச் சரியான அளவில் பூசினால், தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் உள்ளே போகும். தக்காளி அந்த அளவை நெருங்காது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களும் மிகச் சிலரே.

பச்சைத் தக்காளியைவிட, எண்ணெய் விட்டு வதக்கிச் சமைத்த தக்காளியிலிருந்துதான் லைக்கோபீன் உடம்பில் நன்றாகச் சேரும். தக்காளித் தொக்கும் மீன் குழம்பும் வைக்கும் வீட்டுக்கு இது புதிய வேலையில்லை. பப்பாளி, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, முருங்கைக்கீரை ஆகியவற்றில் பீட்டா கரோட்டின் உண்டு. கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். கச்சான், பாதாம், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் வைட்டமின் இ கிடைக்கும். இவற்றில் எதற்கும் மருந்தகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஈரச்சந்தைக்குப் போனால் போதும்.

நம்பூர் சொன்ன தீர்ப்பு

உணவுக்கு இவ்வளவு பலன் இருக்கும்போது, அந்தச் சத்தைச் செறிவாக்கி மாத்திரையாகக் கொடுத்தால் பலன் கூடத்தானே வேண்டும்? களிம்பையும் மாத்திரையையும் ஒரே ஊரில் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பன் நகருக்கு வடக்கே நம்பூர் என்ற சிற்றூர் உள்ளது. வெள்ளைத் தோல் கொண்டவர்கள் கடும் வெயிலில் வாழும் இடம் என்பதால் அங்கே தோல் புற்றுநோய் அதிகம். டாக்டர் அடெல் கிரீன் தலைமையிலான குழு, அந்த ஊர் மக்களில் 1,621 பேரை 1992இல் ஆய்வில் சேர்த்தது. குலுக்கல் முறையில் அவர்களைப் பிரித்தார்கள். பாதிப் பேர் நாள்தோறும் தலை, கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூச வேண்டும். மற்றவர்கள் தம் விருப்பம்போல் இருக்கலாம். அதே நேரத்தில் பாதிப் பேருக்குத் தினம் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. மற்றவர்களுக்கு அதைப் போலவே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. நாலரை ஆண்டுகள் இது நடந்தது.

1999இல் முடிவு வெளியானது. நாள்தோறும் களிம்பு பூசியவர்களிடம், செதிளணுப் புற்று என்ற வகைக் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தன. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

ஆய்வு முடிந்த பிறகும் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மேலும் பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, உயிரைக் குடிக்கும் மெலனோமா புற்று, களிம்பு பூசும்படி சொல்லப்பட்ட குழுவில் 11 பேருக்கும் மற்றக் குழுவில் 22 பேருக்கும் வந்திருந்தது. 55 வயதுக்குக் குறைந்தவர்களின் புறங்கைத் தோலை அச்செடுத்து ஆராய்ந்த முடிவு 2013இல் வெளியானது. தினமும் களிம்பு பூசியவர்களின் தோல் நாலரை ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும்படி மூப்படையவில்லை. மாத்திரையால் அங்கும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

களிம்பு வென்றது; மாத்திரை தோற்றது. ஆனால் தோற்ற மாத்திரை தீங்கில்லாததுதானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

புகைப்பவர்களுக்கு எச்சரிக்கை

காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று கண்ட ஆய்வாளர்கள், அதற்குப் பீட்டா கரோட்டினே காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். பின்லாந்து நாட்டில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட, புகைப் பழக்கமுள்ள 29,133 ஆண்களை வைத்து அதைச் சோதித்தார்கள். நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் வெளியான முடிவு அதற்கு நேர்மாறாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது.

அமெரிக்காவில் புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் இதே போன்ற ஆய்வு நடந்தது. அங்கே பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடும் மரணங்கள் 17 விழுக்காடும் கூடியிருப்பது தெரிந்ததும், 1996 சனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதங்கள் முன்பாகவே அதை நிறுத்திவிட்டார்கள்.

காரட் சாப்பிட்டதால் யாருக்கும் இப்படி நேர்ந்ததில்லை. உணவில் அந்தச் சத்து சிறிய அளவில், நார்ச்சத்தோடும் வேறு நூறு பொருள்களோடும் கலந்து வருகிறது. மாத்திரையில் அது தனியாக, பெரிய அளவில், நாள்தோறும் வருகிறது. புகையால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் நுரையீரலில் அது காப்பாளனாக இல்லாமல் கேடு செய்பவனாக மாறிவிடுகிறது. ஆகவே புகைப்பவர்களும், அண்மையில் அந்தப் பழக்கத்தை விட்டவர்களும் அதிக அளவு பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடவே கூடாது. கண் மாத்திரை, முடி மாத்திரை என்ற பெயர்களில் வருபவற்றிலும் அது இருக்கக்கூடும். அட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற மாத்திரைகளின் நிலை

வைட்டமின் சி, இ இரண்டையும் சேர்த்து மிக அதிக அளவில் கொடுத்தபோது, தோல் சிவக்கச் சற்றுக் கூடுதல் கதிர் தேவைப்பட்டது என்று சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த அளவுகளை நாள்தோறும் விழுங்குவது நல்லதன்று. 35,000க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வில், தினம் 400 அலகு வைட்டமின் இ சாப்பிட்டவர்களுக்கு விந்துச்சுரப்பிப் புற்று 17 விழுக்காடு கூடியது 2011இல் தெரியவந்தது. இரத்தத்தை இளக வைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் இ இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம்.

நிக்கோட்டினமைட் என்பது வைட்டமின் பி3இன் ஒரு வடிவம். 2015இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஏற்கெனவே குறைந்தது இரு முறை தோல் புற்று கண்ட 386 பேர் கலந்துகொண்டார்கள். நாளுக்கு இரண்டு வேளை 500 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குப் புதிய புற்றுகள் 23 விழுக்காடு குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் பலனும் நின்றது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடம் செய்த சோதனையின் முடிவு 2023இல் வந்தபோது, அவர்களுக்குப் பலன் தெரியவில்லை. தோல் புற்று வந்தவர்கள் மருத்துவரோடு கலந்து பேச வேண்டிய மருந்து இது. முகம் கறுக்கிறது என்பதற்காக வாங்கிச் சாப்பிட வேண்டியதன்று.

மத்திய அமெரிக்காவின் பெரணி வகைச் செடி ஒன்றின் சாறு இப்போது 'வெயில் மாத்திரை' என்ற பெயரில் அதிகம் விற்கிறது. இதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கன்னத்தில் மங்கு விழுந்தவர்களுக்குச் சன்ஸ்கிரீனோடும் பூச்சு மருந்தோடும் இதையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறதா என்று சிங்கப்பூரில் செய்த சிறிய ஆய்வு 2018இல் வெளியானது. முடிவு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. ஆனால் அங்கும் அது களிம்போடு சேர்ந்த துணை மருந்துதான். களிம்புக்குப் பதில் அன்று.

அதே 2018இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை, வெயிலிலிருந்து காக்கும் என்று சொல்லி மாத்திரை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சன்ஸ்கிரீனின் இடத்தைப் பிடிக்கக்கூடிய மாத்திரை எதுவுமே இல்லை என்று அது வெளிப்படையாக அறிவித்தது.

கொலாஜன் தூள் தோலின் ஈரப்பதத்தைக் கூட்டும் என்கிறார்கள். அது இன்னும் விவாதத்தில் உள்ளது. வெயிலைத் தடுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெளுப்பு ஊசி

குளுதாதயோன் மாத்திரையும் ஊசியும் நம் பெண்களிடம், இப்போது ஆண்களிடமும், பரவி வருகின்றன. இவற்றை விற்பவர்கள் வெயில் பாதுகாப்பையும் தோல் வெளுப்பையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். இரண்டும் எதிரெதிரானவை. நம் தோலில் உள்ள மெலனின் என்ற கருநிறமிதான் இயற்கை தந்த குடை. 1979இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, கறுப்பினத்தவரின் மேல்தோல் சுமார் 13 எஸ்.பி.எஃப். அளவுக்கும், வெள்ளையரின் மேல்தோல் 3 எஸ்.பி.எஃப். அளவுக்குச் சற்று மேலும் காப்பு தருவது தெரிந்தது. நிறமியைக் குறைப்பது, வெயிலுக்குப் போகும்போது கையில் உள்ள குடையை மடக்கி வைப்பதற்கு ஒப்பாகும். வெளுப்புக்கான ஊசி பாதுகாப்பற்றது என்று பிலிப்பீன்ஸ் அரசின் மருந்துத் துறை 2011லேயே எச்சரித்தது. அழகு நிலையத்தில் இரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி எதுவும் அழகுக் கலையன்று. அது உயிரோடு விளையாடுவது.

அட்டையில் என்ன பார்ப்பது?

மலேசியாவில் பதிவு செய்த சத்து மாத்திரைப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதியைப் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. கடையில் இருக்கிறது என்பதாலேயே அரசாங்கம் சோதித்து ஒப்புக்கொண்டது என்று அங்கே எண்ணிவிடக் கூடாது. இரு நாட்டிலும், கைப்பேசி வழியாக வரும் புட்டியில் கூடுதல் கவனம் தேவை.

மருந்தும் எலுமிச்சையும்

எதைச் சேர்ப்பது என்று யோசிக்கும் முன், ஏற்கெனவே சாப்பிடும் எது தோலை வெயிலுக்குப் பலவீனமாக்குகிறது என்று பார்ப்பது நல்லது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற நீர் மாத்திரை, கிருமிக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின், பருவுக்கான ஐசோடிரெட்டினோயின் ஆகியவை வெயில் தாக்கத்தைக் கூட்டக்கூடியவை. இவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்லி, வெயிலில் கூடுதல் பாதுகாப்போடு இருந்தால் போதும்.

கறுத்த முகத்துக்கு எலுமிச்சைச் சாறு தேய்ப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். எலுமிச்சையைச் சாப்பிடுவது நல்லது. தோலில் தேய்த்துவிட்டு வெயிலுக்குப் போனால், அதில் உள்ள ஒரு பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தீக்காயம்போல் கொப்புளத்தை உண்டாக்கும். கொப்புளம் ஆறிய பின் கரும்பழுப்புக் கோடுகள் பல வாரம், சில சமயம் பல மாதம் நிற்கும். நிறம் கூட்டச் செய்த வைத்தியம் கறையாக முடியும்.

வைட்டமின் டி தேவையில்லையா?

வெயிலை ஒதுக்கினால் வைட்டமின் டி குறையாதா என்பது நியாயமான கேள்வி. கறுத்த தோலில் அது மெதுவாகவே உற்பத்தியாகும். குளிர்சாதன அறையில் நாளெல்லாம் இருப்பவர்களுக்கும், உடலை முழுவதும் மூடிச் செல்பவர்களுக்கும் குறைவு ஏற்படலாம். அதற்காக நடுப்பகலில் நின்று காய வேண்டியதில்லை. கெம்போங் போன்ற கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு, சத்துச் சேர்த்த பால் ஆகியவற்றில் அது உண்டு. சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். குறைவு உறுதியானால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை சாப்பிடுவது தவறில்லை. காரணத்தோடு சாப்பிடும் மாத்திரை மருந்து. காரணமின்றிச் சாப்பிடுவது செலவு.

கறுப்புத் தோலுக்குக் களிம்பு எதற்கு?

நம் தோலுக்கு இயற்கைக் குடை உண்டு என்றோமே, பிறகு களிம்பு எதற்கு? அந்தக் குடை எரிச்சலையும் புற்றையும் வெகுவாகத் தடுக்கிறது. மங்கையும் கரும்புள்ளியையும் அது தடுப்பதில்லை. சொல்லப்போனால் நம் தோலில்தான் அவை எளிதில் விழுகின்றன, விழுந்தால் நெடுநாள் நிற்கின்றன. புற ஊதாக் கதிர் மட்டுமின்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும். அதனால் மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள களிம்பு நல்லது. வெள்ளைப் பூச்சுப்போல் தெரிகிறது என்ற குறையும் அதில் இல்லை.

தோல் புற்று நம்மவர்களுக்கு அரிது என்றாலும் வராது என்பதில்லை. கறுத்த தோலில் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றும். அதற்கு வெயில் காரணமன்று. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் தோன்றிய அந்தப் புற்றே பரவி, 1981இல், 36ஆவது வயதில் அவர் உயிரைப் பறித்தது. குளிக்கும்போது உள்ளங்காலையும் ஒரு முறை பார்க்க வேண்டும். வளரும் கறுப்புப் புள்ளியோ ஆறாத புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அன்றாடம் செய்யக்கூடியவை

காலை பதினொன்று முதல் மாலை மூன்று வரை முடிந்த அளவு நிழலில் இருப்பது முதல் காப்பு. நெருக்கமாக நெய்த நீளக் கை சட்டை, அகல விளிம்புத் தொப்பி, குடை ஆகியவை இரண்டாவது. மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு போகும் இளைஞர்களுக்குக் கையுறையும் கையை மூடும் உறையும் வேண்டும். தைப்பூசத்தில் பல மணி நேரம் வெயிலில் நடப்பவர்கள், பிடரியையும் காதையும் மறக்காமல் களிம்பு பூசிக்கொள்ளலாம்.

முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளக் களிம்பு தேவை. பலர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை; அதனால்தான் பலன் இல்லை என்கிறார்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாததாக, 'ஏ' வகைக் கதிரையும் தடுப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வியர்த்தாலும் நனைந்தாலும் உடனே மீண்டும் பூச வேண்டும்.

உணவு இவற்றுக்கெல்லாம் அடுத்த காப்பு. நாள்தோறும் ஒரு கீரை, சமைத்த தக்காளி, மஞ்சளோ ஆரஞ்சோ நிறமுள்ள காய், ஒரு கொய்யா அல்லது பப்பாளித் துண்டு. தோலுக்குக் கிடைக்கும் நன்மை சிறிதானாலும், இதயத்துக்கும் குடலுக்கும் கிடைப்பது பெரிது. உணவில் நட்டம் என்பதே கிடையாது.

மருந்தகத்துக்குப் போன அந்தப் பெண்ணிடம் திரும்பி வருவோம். பணம் கட்டும் இடத்தில் மருந்தாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "அப்பா சிகரெட் பிடிப்பாராம்மா?" அந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால், வாங்குபவரே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புட்டியின் விலைக்கு ஒரு நீளக் கை சட்டையும் நல்ல களிம்பும் வாங்கியிருக்கலாம். இன்னும் சற்றுச் சேர்த்தால், சாலைப் போக்குவரத்து விதிக்கு உட்பட்ட, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிப் படலத்தை லாரியின் வலப்பக்கக் கதவில் ஒட்டித் தந்திருக்கலாம். சிகரெட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்டால் செலவே இல்லை. தோலைச் சுருக்குவதில் புகையும் வெயிலுக்குச் சளைத்ததன்று.

தக்காளியும் கீரையும் தட்டில் இருக்கட்டும். குடை கையில் இருக்கட்டும். குடையின் வேலையை மாத்திரையிடம் ஒப்படைக்காமல் இருந்தால், அப்பாவின் தோலும் பிழைக்கும், மகளின் சம்பளமும் மிஞ்சும்.